அம்மாவின் கட்சி

அம்பத்தூரிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாராம். இதுவரையில் பதினொரு கதைகள் எழுதியிருக்கிறாராம், ஒன்றேனும் பிரசுரமாகவில்லையாம். நேரம் போதாமைதான் குறை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆகையால் உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்துவிட்டு, எழுத்துத் தொழிலிலேயே இறங்கிவிட உத்தேசம். "மனைவி சம்மதித்துவிட்டாள், அம்மாதான் சம்மதிக்கவில்லை. தங்கள் அபிப்பிராயம் யாதோ?" என்று கேட்கிறார்.

நாம் அம்மாவின் கட்சி. ஆனால் இப்படி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டால் அன்பருக்கு மனத்தாங்கல் உண்டாகும். ஆகவே, அவருடைய ஊருக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் பிறந்த ஒருவருடைய கதையைச் சொல்லுகிறோம். அவரும் ஒரு காலத்தில் கம்பெனிக் கணக்கு எழுதியவரே.

போரூரைத் தாண்டிக் குன்றத்தூர்ப் பக்கம் போனால் துள்ளம் என்று ஒரு சிற்றூர். இப்போது தண்டலம் என்கிறார்கள். அங்கே 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் தேதி பிறந்தவர் கலியாணசுந்தர முதலியார். திரு. வி. க. என்றால் தெரியாத தமிழர் இல்லை. அந்தத் 'திரு' மரியாதைச் சொல் அன்று. முன்னோரின் ஊராகிய திருவாரூரைக் குறிப்பது.

முதலெழுத்துக்களைத் தந்தையாரிடமே கற்றார். பிறகு இராயப்பேட்டை வெஸ்லி பள்ளிக்கூடம். நடுவில் நோய் வந்து நான்கு ஆண்டு படிப்புத் தடைப்பட்டது. மீண்டும் பள்ளிக்குப் போனபோது யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளை ஆசிரியராக வாய்த்தார். பையனுக்குத் தமிழ்ப் பித்துப் பிடித்தது அப்போதுதான். 1904-இல் ஆசிரியர் சம்பந்தப்பட்ட வழக்கில் சாட்சி சொல்ல நீதிமன்றம் சென்றதால் பரீட்சை எழுத முடியாமற் போயிற்று. பள்ளிப் படிப்பு அத்துடன் சரி. 1907-இல் ஆசிரியரும் காலமானார். பட்டமும் இல்லை, குருவும் இல்லை.

இந்த நிலையில் நம்முடைய அன்பராயிருந்தால் பன்னிரண்டாவது கதையை எழுதியிருப்பார். திரு. வி. க. மயிலாப்பூர்த் தணிகாசல முதலியாரிடம் போய் மாணாக்கராக மறுபடியும் உட்கார்ந்தார். 1908-இல் வெளிவந்த அவருடைய ஆரம்ப நூல், மறைந்த ஆசிரியரின் சரித்திரம். 1907 முதல் 1910 வரையில் பெரிய புராணத்துக்குக் குறிப்புரையும் வசனமும் எழுதி வெளியிட்டார்.

இந்தக் குறிப்புரை விஷயத்தில் சற்று நிற்க வேண்டும். பெரிய புராணம் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்டது. கதை எழுதுகிறவன் தனக்குச் சரியாகத் தெரியாத சொல்லைச் சுற்றிக்கொண்டு வேறு வழியே போய்விடலாம்; வாசகருக்குத் தெரியப் போவதில்லை. குறிப்புரை எழுதுகிறவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஒவ்வொரு சொல்லின் முன்னாலும் நின்று, "நீ யார்? இங்கே ஏன் வந்தாய்?" என்று கேட்டாக வேண்டும். பிற்காலத்தில் எந்த விஷயத்தைத் தொட்டாலும் அவருக்குச் சொல் பஞ்சமில்லாமல் வந்ததற்கு, பிறர் நூலின்மேல் செலவழித்த இந்த வருஷங்களே காரணம் என்பது நம் துணிபு. சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் துள்ளத்துக்கு அண்டையூர் என்பது இன்னொரு பொருத்தம்.

இதற்கிடையில் வயிற்றுப் பிழைப்பு? ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கர் வேலை. சுதேசிக் கிளர்ச்சியில் மனம் சென்றதால் அதை விட்டார். "பார்த்தீர்களா, அவரும் விட்டாரே!" என்று அன்பர் குதிக்க வேண்டாம். விட்டுவிட்டு வீட்டிலே காகிதமும் பேனாவுமாக அவர் உட்காரவில்லை. ஆயிரம் விளக்கில் பள்ளி ஆசிரியரானார். பிறகு வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியரானார். தினந்தோறும் பிள்ளைகளுக்கு விளங்கும்படி தமிழ் சொல்ல வேண்டியிருந்தது.

1917 டிசம்பரில் 'தேசபக்தன்' ஆசிரியராகக் கல்லூரியை விட்டார். அரசியல் மேடையில் ஆங்கிலம் முழங்கிய காலம் அது. தேச விடுதலை விவகாரம் முழுவதையும் தமிழிலேயே சொல்ல முடியும் என்று நாள்தோறும் எழுதிக் காட்டினார். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதிலும் முன்னின்றார். ஆலையிலிருந்து களைத்து வந்த தொழிலாளிக்கு நீண்ட வாக்கியத்தைக் கேட்கப் பொறுமை ஏது? அவருடைய வாக்கியங்கள் சின்னஞ்சிறியனவாகத் தறித்து விழுவதற்கு இந்த மேடைகளும் காரணமாயிருக்கலாம் என்பது நம் ஊகம்.

1920-இல் 'நவசக்தி'. அங்கே 1923-இல் உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர் ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற இளைஞர். 'கல்கி' என்று சொன்னால் அன்பருக்குத் தெரியும். அவரும் சுமார் ஐந்து வருஷம் பிறர் பத்திரிகையில் உழைத்த பிறகே வேறிடம் போனார்.

'பெண்ணின் பெருமை' வெளிவந்தது 1927-இல். அப்போது திரு. வி. க.வுக்கு வயது 44. எழுதிய நூல்கள் ஐம்பதுக்கு மேல். சொந்த வீடு கடைசிவரை இல்லை. வெற்றி என்று அன்பர் எதைக் கருதுகிறாரோ நாம் அறியோம். வீடு, வாகனம் என்றால் இந்த உதாரணம் உதவாது. கணக்கு வேலையே மேல்.

முதுமையில் அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. அப்போதும் எழுத்து நிற்கவில்லை. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். அவ்வாறு வந்த நூல்களுக்கு 'முதுமை உளறல்' என்றும் 'படுக்கைப் பிதற்றல்' என்றும் தாமே பெயர் சூட்டினார். 1953 செப்டம்பரில் காலமானார்.

அன்பர் தம் பதினொரு கதைகளையும் கட்டிப் பரண்மேல் வைக்கட்டும். தமக்குப் பிடித்த பழைய நூல் ஒன்றை எடுத்து, இரவு ஒரு மணி நேரம், பாட்டுக்குப் பாட்டுத் தம் கையால் குறிப்பு எழுதிப் பார்க்கட்டும். ஒரு வருஷம் கழித்து மறுபடி நமக்கு எழுதினால் பதில் போடுகிறோம். அம்மாவுக்கு நம் வணக்கத்தைச் சொல்லவும்.