மெரரைக் கேளுங்கள்

பிரமிடுகளைக் கட்டியது வேற்றுக்கிரகவாசிகள் என்று விடுதி நண்பர்கள் அடித்துச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. செங்கடல் ஓரத்தில், வாதி அல் ஜார்ஃப் என்னும் இடத்தில் 2013ஆம் ஆண்டு பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. மெரர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு அவற்றில் உள்ளது. தூராவில் சுண்ணாம்புக்கல் ஏற்றி, நைல் வழியே கீசாவுக்குப் படகு விட்டதை அவர் நாள்வாரியாக எழுதியிருக்கிறார். மன்னர் கூஃபுவின் பெரிய பிரமிடுக்கான கல் அது!

கல்லை மேலே ஏற்றியது நேரான சாய்தளத்திலா, சுற்றிச் செல்லும் சாய்தளத்திலா? அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்; வாதிடட்டும். இழுத்தவர்கள் யார் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1990இல் கீசாவில் கண்டறியப்பட்ட தொழிலாளர் கல்லறைகளில், முறிந்து மீண்டும் கூடிய கை எலும்புகள் இருந்தன. வேற்றுக்கிரகவாசிக்கா கை முறிந்தது?