அசதி சோம்பலன்று

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்றொரு வழக்கு உண்டு. காலை எட்டரைக்குத் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்தவர் இரவு எட்டரைக்கே எழுவார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காட்டுச் சுங்கவரி விதித்தபோதோ, வேலை குறையுமோ என்ற கவலையே பலரது உறக்கத்தைப் பறித்தது. “வீட்டுக்கு வந்தால் வாய் திறப்பதில்லை” என்று மனைவியர் முறையிடுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம்.

கவலை மனத்தோடு நிற்பதில்லை. சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசோல் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. அது காலையில் மிகுந்து இரவில் தணிதல் இயற்கை. ஓயாத நெருக்கடியும் இரவுப்பணியும் அவ்வொழுங்கைக் குலைக்கின்றன. ஆண்களுக்குரிய டெஸ்டோஸ்டிரோனோ உறக்கத்தில்தான் பெருகுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர் 10 பேர் ஒரு வாரம் இரவில் 5 மணி நேரமே உறங்கியபோது, பகலில் அதன் அளவு 10 முதல் 15 விழுக்காடு குறைந்தது.

எனவே, கணவரின் மௌனத்தை வெறுப்பென்றோ சோம்பலென்றோ உடனே முடிவுகட்டலாகாது. ஆடவரும் அறிக: மது உறக்கத்தைக் கெடுத்து அசதியை வளர்க்குமேயன்றித் தீர்க்காது. வாரக்கணக்கில் நீடிக்கும் அசதிக்கு நீரிழிவு, தைராய்டுக் கோளாறு, இரத்தசோகை ஆகியனவும் காரணமாகலாம். லேகியத்தைத் தேடாது மருத்துவரை நாடுக.

சனிக்கிழமைதோறும் சம்பளக் கணக்குப் பார்க்கும் இல்லங்கள், அவ்வாரத்து உறக்கக் கணக்கையும் சேர்த்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.