ஐந்து அங்குலத் தளமும் அண்டை வீட்டுப் பகையும்

எங்கள் அடுக்ககத்தில் மாதத்தின் முதல் ஞாயிறன்று கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுச் சங்கக் கூட்டம் நடத்துவோம். தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு, மோட்டார் பழுது என்று வழக்கமான விஷயங்களைப் பேசிக் கலைவோம். சில மாதங்களுக்கு முன் நடந்த கூட்டத்தில், முதல் மாடியில் வாடகைக்கு இருக்கும் இளைஞர் எழுந்து நின்றார். பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனம் ஒன்றில் இரவுப் பணி செய்பவர். “நான் வீட்டுக்கு வர்றதே நாலு மணிக்கு ஆன்ட்டி. கண் அசந்தா அஞ்சரைக்கு உங்க மிக்ஸி என் தலைமாட்டுல ஓடுது” என்றார். இரண்டாம் மாடி அம்மா குரலை உயர்த்தவில்லை. “ஆறே முக்காலுக்கு ஸ்கூல் வேன் வந்துடும் தம்பி. அதுக்குள்ள ரெண்டு டிபன் பாக்ஸ் கட்டணும். நான் எப்போ சட்னி அரைக்கிறது, நீயே சொல்லு” என்றார்.

கூட்டத்தில் இருந்த எவருக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஒருவரின் விடியல் இன்னொருவரின் நடு இரவாக இருக்கும் ஊரில், ஒரே கட்டடத்துக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன.

இத்தகைய சச்சரவுகளை நாம் எப்போதும் குணத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். மேல்வீட்டார் இங்கிதம் தெரியாதவர்கள், கீழ்வீட்டார் தொட்டாற்சிணுங்கிகள் என்று முத்திரை குத்துகிறோம். இங்கிதக் குறைவு இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால், நம் மாடிச் சண்டைகளில் பெரும்பகுதி, கட்டடத்தை எழுப்பியபோதே கான்கிரீட்டோடு சேர்த்துக் கொட்டப்பட்டவை. கட்டியவர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுகிறார். அவர் விட்டுச்சென்ற குறைக்காக, அதில் குடியேறிய இருவர் ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சராசரியில் மறையும் தொல்லை

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000-இல் வந்தன. குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று அவை எல்லை வகுத்தன. டெசிபலில் 10 குறைவது சிறிய வித்தியாசம் அல்ல. ஒலியின் ஆற்றல் பத்தில் ஒன்றாகிறது. காதுக்கு ஏறத்தாழப் பாதியாகக் கேட்கிறது. எல்லையை 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் மீறினாலோ, இரவு நேரக் கட்டுப்பாடுகளை மீறினாலோ அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம்.

ஒலிபெருக்கிக்கு எதிராகச் சென்னைவாசிகள் பெற்ற வெற்றி வரலாற்றில் இடம்பெற்றது. மாதவரம் நெடுஞ்சாலையில் இருந்த கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கம், வழிபாட்டுக் கூட்டத்தின் ஒலிபெருக்கிச் சத்தத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிறருடைய அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2005 ஜூலை 18 அன்று தலைமை நீதிபதி ஆர்.சி. லகோத்தி வழங்கிய தீர்ப்பு இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. இரைச்சலின்றி வாழ்வது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது.

இவ்வளவு இருந்தும் அந்த இளைஞருக்குச் சட்டம் உதவாது. விதிகள் சொல்லும் டெசிபல், பகல் அல்லது இரவுப் பொழுது முழுவதற்குமான சராசரி. நள்ளிரவில் நாற்காலி இழுபடும் மூன்று விநாடியும் விடியற்காலையில் மிக்ஸி ஓடும் இரண்டு நிமிடமும் அந்தச் சராசரியில் கரைந்துபோகும். தூங்குகிறவர் சராசரியைக் கேட்டு எழுவதில்லை. அந்த மூன்று விநாடியைக் கேட்டுத்தான் எழுகிறார். மேலும், இந்த அளவீட்டு முறை மனிதக் காதின் உணர்திறனைப் பின்பற்றித் தாழ்ந்த அதிர்வுகளைக் குறைத்தே கணக்கிடுகிறது. தலைக்கு மேல் ‘திம் திம்’ என்று விழும் காலடியோ பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வு. பாரதிய நியாய சன்ஹிதாவில் பொதுத்தொல்லைக்கு 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால், அது அக்கம்பக்கத்தார் பலரைப் பாதிக்கும் தொல்லைக்கானது. ஒரு மேல்வீட்டுக்கும் ஒரு கீழ்வீட்டுக்கும் இடையிலான வழக்கு அதில் எளிதில் பொருந்தாது. ஒலிபெருக்கியை அணைக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. நடமாடும் குடும்பத்துக்கு அப்படி ஒன்று கிடையாது.

கட்டடத்தின் பங்கு

ஒலி நம்மிடம் இரண்டு வழிகளில் வருகிறது. பேச்சும் தொலைக்காட்சியும் காற்று வழியாக வருபவை. அவற்றைத் தடுப்பது சுவரின் எடை. கனமான சுவர் அசைய மறுக்கும், ஒலி நின்றுவிடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நாலரை அங்குலமாகக் குறைந்தபோது வீட்டுக்குள் இடம் கூடியது, அடுத்த அறையின் பேச்சும் கூடியது. இப்போது புழங்கும் எடை குறைந்த கற்கள் வெப்பத்தை நன்றாகத் தடுக்கின்றன, ஆனால் அதே தடிமனுள்ள செங்கல் சுவர் அளவுக்கு ஒலியைத் தடுப்பதில்லை. சமையலறையையும் குளியலறையையும் ஒட்டி மேலிருந்து கீழ்வரை இறங்கும் ‘டக்ட்’, ஒரு வீட்டின் இருமலை நான்கு வீடுகளுக்குக் கொண்டுபோகிறது.

இரண்டாவது வகை மோதல் ஒலி. நாற்காலிக் கால், இடிகல், குழந்தையின் பந்து ஆகியவை தளத்தையே தட்டி அதிர வைக்கின்றன. கீழ்வீட்டுக்கு அந்தத் தளமே மேளத்தோல். நம் வீடுகளின் கான்கிரீட் தளம் சாதாரணமாக ஐந்து, ஆறு அங்குலம். அதன் மேல் சிமென்ட் கலவை, அதன் மேல் விட்ரிஃபைட் டைல். எல்லாமே கடினம், அதிர்வை வாங்கிக்கொள்ள நடுவில் மெத்தென்ற எதுவும் இல்லை. தளத்துக்கும் டைலுக்கும் இடையில் ரப்பர் அல்லது நுரைப் படலம் ஒன்றைப் பரப்பி, மேல்தரையைச் சுவரைத் தொடாமல் மிதக்கவிட்டால் காலடிச் சத்தம் பெருமளவு அடங்கும். ‘மிதக்கும் தளம்’ எனப்படும் இந்த முறை புதிதும் அல்ல, ரகசியமும் அல்ல.

கட்டடங்களின் ஒலித்தடுப்புக்கென 1962-லேயே இந்தியத் தர நிறுவனம் ஐ.எஸ். 1950 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதற்குத் தனிப்பகுதியே ஒதுக்கியிருக்கிறது. ஆனால், அந்தத் தொகுப்பு பரிந்துரைதான். மாநிலங்கள் தம் விதிகளில் சேர்த்துக்கொண்டால்தான் கட்டாயமாகும். வீடு வாங்கப்போகும் நாம் சதுர அடி, கார் நிறுத்துமிடம், நிலத்தடி நீர், வாஸ்து எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். ‘மேல்மாடியில் நடந்தால் கீழே கேட்குமா?’ என்று கேட்பவரை நான் இதுவரை பார்க்கவில்லை. கேட்காத பொருளுக்கு எந்தக் கட்டுநரும் செலவு செய்யமாட்டார்.

மக்களில் பெரும்பாலோர் அடுக்ககங்களில் வாழும் தென்கொரியா இந்தப் பாடத்தைக் கசப்பாகக் கற்றது. மாடிச் சத்தத்தால் எழும் சண்டை அங்கே வன்முறை வரை போன பெரும் சமூகப் பிரச்சினை. தளத்தின் தடிமன் குறைந்தது 210 மி.மீ., அதாவது எட்டு அங்குலத்துக்கும் மேல் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அதுவும் போதாமல், கட்டி முடித்த வீட்டில் ஒலியை அளந்து பார்க்கும் சோதனையை 2022-இல் கொண்டுவந்தார்கள். வரைபடத்தில் இருப்பதை நம்பாமல் வீட்டுக்குள் போய் அளப்பதுதான் அதன் சிறப்பு.

புகார் யார் மீது விழுகிறது?

கட்டடத்தின் குறை எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும், பழி எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. சொந்த வீட்டுக்காரர் மூன்று வாரம் டிரில்லிங் போட்டு சமையலறையை மாற்றுகிறார், எல்லோரும் பொறுத்துக்கொள்கிறோம். வாடகை வீட்டுக் குழந்தை தாழ்வாரத்தில் பந்து தட்டினால் அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிடுகிறது. திருமணமாகாத இளைஞர்கள், நாய் வளர்ப்பவர்கள், ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோர் ஆகியோருக்கு ‘சத்தம்’ என்ற சொல் எப்போதும் ஓர் எச்சரிக்கை. வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேறு காரணம் கிடைக்காதபோது சத்தம் காரணமாகிவிடுகிறது. பல சங்கங்களின் கூட்டத்துக்கு வாடகைதாரரை அழைப்பதே இல்லை. அந்த இளைஞர் எங்கள் கூட்டத்தில் எழுந்து பேசியது, வாடகைதாரர்களும் வரலாம் என்று அதற்கு முந்தைய ஆண்டு நாங்கள் முடிவெடுத்திருந்ததால்தான்.

பழைய சென்னையின் ஒண்டுக்குடித்தன வீடுகளில் ஒரே கிணறு, ஒரே முற்றம், ஆறேழு குடும்பங்கள். சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை, சண்டைக்கும் இல்லை. ஆனால், எந்த வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், எந்த வீட்டுப் பெரியவர் இரவெல்லாம் இருமுகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காரணம் தெரிந்த சத்தத்தோடு மனம் ஒருவாறு சமாதானமாகிவிடும். காரணம் தெரியாத சத்தத்துக்கு மனமே ஒரு காரணம் கற்பிக்கும். பெரும்பாலும் அது கெட்ட எண்ணமாகத்தான் இருக்கும். அந்த நெருக்கடி வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. அதில் தனிமை என்பதே கிடையாது, பெண்களுக்கு அது பெரும் சுமை. மேல்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் அளவுப் பழக்கமாவது அடுக்ககத்துக்குத் தேவை என்பதுதான் என் வாதம்.

மூன்று கடமைகள்

முதல் கடமை அரசுக்கு. தேசியத் தொகுப்பில் தூங்கும் ஒலித்தடுப்புப் பகுதியைத் தமிழ்நாட்டின் கட்டட விதிகளில் கட்டாயமாக்க வேண்டும். பணிநிறைவுச் சான்று தருமுன் சில வீடுகளிலாவது அளந்து பார்க்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தில் தளத்தின் தடிமனும் பொதுச்சுவரின் ஒலித்தடுப்புத் திறனும் எழுதப்பட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளைக் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. ஒலித்தடுப்பு ஒப்பந்தத்தில் எழுத்தாக இருந்தால், அது இல்லாமல் போவதையும் தரக் குறையாகக் காட்டி நியாயம் கேட்க முடியும்.

இரண்டாவது, சண்டையைத் தீர்க்க ஓர் இடம் வேண்டும். காவல் நிலையம் அந்த இடமல்ல. அங்கே போய் வந்தவர்கள் பிறகு லிஃப்டில் முகம் பார்ப்பதில்லை. சிங்கப்பூர் 1998-இலேயே சமூக மத்தியஸ்த மையத்தைத் தொடங்கி, 2015-இல் அண்டை வீட்டுத் தகராறுகளுக்கெனத் தனித் தீர்ப்பாயம் அமைத்தது. நம் நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றிய மத்தியஸ்தச் சட்டத்திலும் சமூக மத்தியஸ்தத்துக்கென ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஒரு பகுதி மக்களின் அமைதியைக் குலைக்கும் தகராறை மத்தியஸ்தர் குழு முன் பேசித் தீர்க்க அது வழி சொல்கிறது. வார்டுதோறும் அப்படி ஒரு குழு செயல்பட்டால், தூக்கமில்லாத ஒருவர் கோபம் முற்றுமுன் போய் உட்கார ஓர் இடம் கிடைக்கும்.

மூன்றாவது கடமை நமக்கு. இரவு பதினொன்றரைக்குக் குழுவில் ‘சிலர் கொஞ்சம் யோசிக்கவும்’ என்று பொதுவாக எழுதுவதை விட்டுவிட்டு, மறுநாள் மாலை நேரில் போய்ச் சொல்லலாம். கீழ்வீட்டாரை அழைத்துவந்து நம் வீட்டில் உட்கார வைத்து, நாம் அவர்கள் வீட்டுக்குப் போய், நம் நாற்காலி இழுபடுவதைக் கேட்டுப் பார்க்கலாம். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டுவதற்கும், வாஷிங் மெஷினைச் சுவரிலிருந்து விலக்கி வைப்பதற்கும், டிரில்லிங் நாட்களை முன்கூட்டியே எழுதி ஒட்டுவதற்கும் பெரிய செலவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சங்க விதிகள் வாடகைதாரருக்கும் உரிமையாளருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எங்கள் மிக்ஸி வழக்கையும் அப்படித்தான் தீர்த்தோம். கூட்டம் முடிந்து நாலைந்து பேர் இரண்டு வீட்டுக்கும் போய்ப் பார்த்தோம். மேல்வீட்டுச் சமையல் மேடையின் கிரானைட் பலகை சுவருக்குள் பதிந்திருந்தது. அதே சுவர்தான் கீழே இளைஞரின் கட்டிலுக்குத் தலைமாடு. மிக்ஸியின் அதிர்வு பலகையில் ஏறி, சுவரில் இறங்கி, அவர் தலையணைக்கு வந்துகொண்டிருந்தது. மிக்ஸியைச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றி, அடியில் தடித்த ரப்பர் விரிப்பை வைத்தார் அந்த அம்மா. இளைஞர் கட்டிலை எதிர்ச்சுவருக்குத் திருப்பிப் போட்டார். சத்தம் முழுதாகப் போய்விடவில்லை. தூங்கும் அளவுக்குக் குறைந்திருக்கிறது. இருவரில் எவர் மீதும் குற்றமில்லை என்று அந்தச் சுவரைப் பார்த்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது.

எங்கள் தெருக்கோடியில் இப்போது புதிதாக ஓர் அடுக்ககம் எழுகிறது. மூன்றாம் தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் கான்கிரீட் கொட்டுவார்கள். அந்தத் தளத்துக்கு மேலும் கீழும் வாழப்போகிறவர்கள் இன்னும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. அவர்கள் நண்பர்களாவதும் பகைவர்களாவதும் அவர்கள் கையில் இருக்கட்டும். அந்த முடிவை ஐந்து அங்குலக் கான்கிரீட்டிடம் விட்டுவிடக் கூடாது.