செஞ்சிக் கோட்டை யார் பக்கம்?

செஞ்சிக் கோட்டையைப் பற்றிக் கேள்விப்படாதவர் தமிழ்நாட்டில் உண்டோ? தேசிங்குராஜன் கதையைக் கூத்திலும் பாட்டிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்து ஒரு மதில். இதைப் பிடிக்க எத்தனை படைகள் வந்தன! நாயக்கர்கள் ஆண்டார்கள். பீஜப்பூர் சுல்தான் பிடித்தார். 1677-ல் சிவாஜி பிடித்தார். மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்ட பிறகுதான் உள்ளே நுழைய முடிந்தது. 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதித் தேசிங்கு மாண்டான். 1750-ல் பிரெஞ்சுக்காரர் வந்தார்கள். 1761-ல் வெள்ளைக்காரர் வந்தார்கள்.

இத்தனை பேர் வந்தும், ஒருவர்கூட ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. "செஞ்சி மக்களே, உங்களை யார் ஆள வேண்டும்?" என்பதுதான் அந்தக் கேள்வி.

ஏர் பிடிக்கும் குடியானவனிடமும், களை பறிக்கும் பெண்ணிடமும் அந்தக் கேள்வி முதன்முதலில் கேட்கப்பட்டது 1952-ம் ஆண்டில்.

பெட்டியில் விழுந்த ஓட்டு

அதற்கு முன்பும் தேர்தல் நடந்தது உண்டு. ஆனால் 1937-ல் சொத்து உள்ளவர், வரி கட்டியவர், படித்தவர் போன்ற சிலருக்குத்தான் ஓட்டு. சுதந்திரம் வந்த பிறகுதான் 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு கிடைத்தது. மிராசுதாருக்கும் ஒன்று, அவர் பண்ணையில் வேலை செய்பவருக்கும் ஒன்று!

எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படி ஓட்டுப் போடுவது? அதற்கும் வழி செய்தார்கள். ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு தனிப்பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம். விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். சீட்டில் முத்திரை குத்தும் முறை பிறகுதான் வந்தது.

அந்த முதல் தேர்தலில் சென்னை ராஜ்யச் சட்டசபைக்கு 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லை! அப்போது செஞ்சி, தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. வட, தென் ஆற்காடு ஜில்லாக்களில் வன்னியர் சமூகத் தலைவர்கள் நடத்திய இரண்டு கட்சிகள் செல்வாக்குப் பெற்றிருந்தன. ராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களிலும், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களிலும் வென்றன.

ராஜாஜி மந்திரிசபை அமைத்தபோது மாணிக்கவேலு நாயக்கர் மந்திரி ஆனார். 1954-ல் காமராஜர் மந்திரிசபையில் படையாட்சியாரும் சேர்ந்தார். சின்னக் கட்சி பெரிய கட்சிக்குக் கைகொடுத்துப் பதவி பெறும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

மறியலும் புதுக் கட்சியும்

1967-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. 1977-ல் அ.தி.மு.க. வந்தது. கட்சிகள் மாறினாலும், வட மாவட்டங்களின் ஒரு கோரிக்கை மாறவில்லை. படிப்பிலும் வேலையிலும் தங்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று வன்னியர்கள் கேட்டார்கள். 1987 செப்டம்பரில் பெரிய சாலை மறியல் நடந்தது. 21 பேர் உயிர் இழந்தார்கள். 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவு உண்டாக்கப்பட்டது. பல சமூகங்களுக்கும் சேர்த்து அதற்கு 20 சதவீதம் ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டில், செஞ்சிக்குப் பக்கத்துத் திண்டிவனத்தைச் சேர்ந்த டாக்டர் ராமதாஸ் பாட்டாளி மக்கள் கட்சியைத் தொடங்கினார்.

தராசின் முள்

கூட்டணிக் கணக்கு என்கிறார்களே, அது என்ன? ஓர் ஊரில் 100 ஓட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்சிக்கு 40, இன்னொன்றுக்கு 35, மூன்றாவதற்கு 25. தனித்தனியே நின்றால் 40 வாங்கியவர் வெல்வார். 25 வைத்திருப்பவர் 35-உடன் சேர்ந்தால்? 60 ஆகிவிடும்! தான் வெல்ல முடியாதவர், வெல்பவர் யார் என்பதைத் தீர்மானித்துவிடுகிறார்.

செஞ்சியில் இந்தக் கணக்கு எப்படி நடந்தது, பாருங்கள். 2001-ல் பா.ம.க. அ.தி.மு.க. பக்கம் இருந்தது, செஞ்சியில் அ.தி.மு.க. வென்றது. 2006-ல் தி.மு.க. பக்கம் போனது, தி.மு.க.வின் கண்ணன் வென்றார். 2011-ல் தி.மு.க. கூட்டணியில் பா.ம.க.வே நின்றது; கணேஷ்குமார் வென்றார். அந்த ஆண்டு தமிழ்நாடு முழுவதும் அ.தி.மு.க. அலை. பா.ம.க. 30 இடங்களில் நின்று மூன்றில்தான் வென்றது. அந்த மூன்றில் செஞ்சி ஒன்று!

"இனிச் செஞ்சி நம் கோட்டை" என்று அந்தக் கட்சியினர் நினைத்திருந்தால் வியப்பில்லை.

கணக்கு தவறியது

2016-ல் பா.ம.க. தனியாக நின்றது. தி.மு.க.வின் மஸ்தான் வென்றார். 2021-ல் பா.ம.க. அ.தி.மு.க.வுடன் சேர்ந்து மறுபடியும் செஞ்சியில் நின்றது. வன்னியருக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீடு தரும் சட்டம் தேர்தலுக்குச் சற்று முன்புதான் நிறைவேறியிருந்தது. அப்படியும் மஸ்தானே 35 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் வென்று மந்திரியும் ஆனார். (அந்தச் சட்டம் செல்லாது என்று 2021 நவம்பரில் ஐகோர்ட்டும், 2022 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புக் கூறின.)

வன்னியர்கள் மிகுதியாக வாழும் தொகுதியில் ஒரு முஸ்லிம் எப்படி இரு முறை வென்றார்?

மஸ்தான் செஞ்சிப் பேரூராட்சித் தலைவராக இருந்தவர். ஊருக்குத் தெரிந்த முகம். கட்சியின் பலமும் கூட்டணியின் பலமும் சேர்ந்தன. ஆனால் அவை மட்டும் இவ்வளவு வித்தியாசத்தைத் தந்திருக்க முடியாது. ஒரு சாதியார் எல்லோரும் ஒரே சின்னத்தில்தான் போடுவார்கள் என்ற கணக்கே பிழை. ஒரே வீட்டில் அப்பா ஒரு சின்னம், மகன் ஒரு சின்னம், மருமகள் வேறு சின்னம் என்று போடுவதை நாம் அறிவோமே!

ஆனால் சாதிக் கணக்கு செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அதே 2021-ல் பக்கத்து மயிலம் தொகுதியில் பா.ம.க. வென்றது. ஆக, தொகுதிக்குத் தொகுதி, ஆளுக்கு ஆள் கணக்கு மாறுகிறது.

இன்னொன்றும் உண்டு. தொகுதியின் எல்லையே மாறியது. 2008-ல் நடந்த மறுசீரமைப்பில் மேல்மலையனூர் என்ற பெயரில் இருந்த தொகுதி மறைந்தது. அங்காளம்மன் குடிகொண்ட அந்த ஊர் செஞ்சித் தொகுதிக்குள் வந்தது. பார்லிமெண்டுத் தேர்தலுக்குச் செஞ்சி, ஆரணியோடு சேர்ந்தது. எனவே பழைய செஞ்சியின் முடிவைப் புதிய செஞ்சியின் முடிவோடு அப்படியே ஒப்பிடக்கூடாது. ஆரணியிலும் யாருக்கும் பட்டா இல்லை. 2009-ல் காங்கிரஸ், 2014-ல் அ.தி.மு.க., 2019-ல் காங்கிரஸ், 2024-ல் தி.மு.க.!

ரயில் எங்கே?

வென்றவர் கதை இது. ஓட்டுப் போட்டவருக்கு என்ன கிடைத்தது?

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை போடும் திட்டம் 2006-2007-ல் அங்கீகாரம் பெற்றது. அதன் பின் 2024 வரை மூன்று சட்டசபைத் தேர்தல், நான்கு பார்லிமெண்டுத் தேர்தல். எத்தனை கட்சிகள் வென்றன! 2024 தேர்தல் வரையிலும் செஞ்சிக்கு ரயில் வரவில்லை. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. உலகமே வந்து பார்க்க வேண்டிய கோட்டை! அங்கு வந்து சேர ரயில் வேண்டாமா?

ஓட்டுக் கேட்டு வருபவரிடம் "நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பது எளிது. "ஏரியைத் தூர் வாரினீர்களா? ரயிலுக்காக எத்தனை முறை வாய் திறந்தீர்கள்?" என்று கேட்பதுதான் கடினம். முதல் கேள்விக்குப் பிறப்பே பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு அவர் உழைத்திருந்தால்தான் பதில் வரும்.

மொகலாயருக்கு இந்தக் கோட்டையைப் பிடிக்க 8 ஆண்டு ஆயிற்று. இன்று ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே பகலில், ஒரு பொத்தானை அழுத்தி ஆள்பவரை மாற்றுகிறார்கள் செஞ்சி மக்கள். 2001, 2006, 2011, 2016 என்று நான்கு தேர்தலிலும் ஜெயித்த கட்சி மாறி மாறி வந்ததே, அதுவே சாட்சி. செஞ்சிக் கோட்டை எந்தக் கட்சியின் பக்கமும் இல்லை. அது ஓட்டுச் சீட்டு வைத்திருப்பவர் பக்கம். அந்தச் சீட்டை அவர் எதற்காகக் கொடுக்கிறார் என்பதில்தான் ஊரின் கதி இருக்கிறது.