பயிற்சிக்கு முன் ஒரு கேள்வி

பெரிய நிறுவனங்களில் ஏதேனும் ஒரு குறை வெளிப்பட்டவுடன் முதலில் முன்வைக்கப்படும் தீர்வு, 'பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படும்' என்பதே. மனுக்கள் தேங்கினாலும், பொதுமக்களிடம் கடுமையாக நடந்துகொண்டதாகப் புகார் எழுந்தாலும், புதிய மென்பொருளில் பிழைகள் பெருகினாலும் இதே அறிவிப்புதான் வருகிறது. யாரும் மறுக்க முடியாத அறிவிப்பு இது. ஆனால், யாருக்கு, எதில், எதற்காகப் பயிற்சி என்கிற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

அந்தக் கேள்விக்கு முறையாக விடை தேடுவதையே 'பயிற்சித் தேவை மதிப்பீடு' என்கிறார்கள். இது புதிய சிந்தனை அன்று. வில்லியம் மெக்கீ, பால் தேயர் என்ற இரு அமெரிக்க உளவியல் அறிஞர்கள் 1961-இல் வெளியிட்ட நூலிலேயே இதற்கு மூன்று படிகளை வகுத்தனர். நிறுவனத்தின் இலக்கு என்ன, அங்கு எந்த இடத்தில் தொய்வு உள்ளது என்று ஆராய்வது முதல் படி. குறிப்பிட்ட பணியைச் செவ்வனே செய்ய என்னென்ன அறிவும் திறனும் வேண்டும் என்று பார்ப்பது இரண்டாவது. அவற்றில் எவை இந்தப் பணியாளரிடம் இல்லை என்று அறிவது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் பிறகே பாடத்திட்டம் வர வேண்டும்.

இந்திய அரசு இதை அறியாமல் இல்லை. 1996-ஆம் ஆண்டின் தேசிய பயிற்சிக் கொள்கையைத் திருத்தி 2012-இல் வெளியிடப்பட்ட கொள்கை, ஒவ்வொரு பதவிக்கும் உரிய திறன்களை வரையறுத்து, அவற்றின் அடிப்படையில் பயிற்சியைத் திட்டமிட வேண்டும் என்றது. ஊதியத்துக்கான ஒதுக்கீட்டில் குறைந்தது 2.5 சதவீதத்தைப் பயிற்சிக்கு ஒதுக்கவும் அது பரிந்துரைத்தது. 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'கர்மயோகி' திட்டம், ஐந்து ஆண்டுகளில் ரூ.510.86 கோடி செலவில் ஏறத்தாழ 46 லட்சம் மத்திய அரசு ஊழியர்களைச் சென்றடைவதை நோக்கமாகக் கொண்டது. விதிகளை மட்டும் சார்ந்த நிர்வாகத்தை, வகிக்கும் பொறுப்பைச் சார்ந்ததாக மாற்றுவது அதன் அடிப்படை. அதற்கென 2021-இல் திறன் மேம்பாட்டு ஆணையமும் அமைக்கப்பட்டது.

கொள்கை அளவில் இவை பாராட்டுக்குரியவை. சிக்கல் நடைமுறையில் எழுகிறது. எண்ணிப் பார்க்க எளிதானதே இலக்காகிவிடுகிறது. 2024 அக்டோபரில் நடத்தப்பட்ட தேசிய கற்றல் வாரத்தில் ஒவ்வோர் ஊழியரும் குறைந்தது நான்கு மணி நேரம் கற்க வேண்டும் என்று இலக்கு வைக்கப்பட்டது. தேசிய கல்விக் கொள்கை 2020, ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சியை எதிர்பார்க்கிறது. கற்றலை ஊக்குவிக்க இத்தகைய இலக்குகள் உதவலாம். ஆயினும், மணிக்கணக்கை நிறைவு செய்வது வேறு, குறையை நிறைவு செய்வது வேறு. இணையவழிக் காணொலியை ஓடவிட்டு, கோப்பைப் பார்த்தபடியே சான்றிதழ் பெற்றுவிடும் வாய்ப்பு எந்தத் துறையிலும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் வருமானச் சான்றிதழ் வழங்கத் தாமதமாகிறது. விண்ணப்பம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரைக் கடந்தே வட்டாட்சியரிடம் செல்கிறது. கிராம நிர்வாக அலுவலருக்கு மென்பொருளைக் கையாளத் தெரியவில்லை என்றால் பயிற்சி பயன்படும். பணியிடம் காலியாக இருந்து, ஒருவரே இரண்டு கிராமங்களைக் கவனிக்கிறார் என்றால் எந்தப் பயிற்சியும் உதவாது. இணைய இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படுகிறது என்றால் தேவைப்படுவது பயிற்சி அன்று, இணைப்பு. தணிக்கைக்கு அஞ்சி முடிவெடுக்கத் தயங்குகிறார்கள் என்றால் தேவைப்படுவது தெளிவான ஆணை. நான்கு காரணங்களுக்கும் வெளியில் தெரியும் அறிகுறி ஒன்றே: தாமதம். நோயை அறியாமல் மருந்து கொடுப்பதுபோல், நால்வகைக் குறைக்கும் ஒரே பயிற்சியை அளிப்பதால் பணமும் நேரமும் வீணாகின்றன. அமைப்பின் குறை ஊழியரின் குறையாகவும் காட்டப்பட்டுவிடுகிறது.

மதிப்பீடு செய்யப் பெரும் செலவு தேவையில்லை. தேவையான சான்றுகள் பலவும் அலுவலகங்களிலேயே உள்ளன. திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்கள், தணிக்கைத் தடைகள், மேல்முறையீட்டில் மாற்றப்பட்ட ஆணைகள், பொதுமக்களின் புகார்கள் ஆகியவற்றை வகைப்படுத்தினாலே எந்த இடத்தில், எவ்வகைப் பிழை மீண்டும் மீண்டும் நிகழ்கிறது என்பது புலப்படும். அத்துடன், பணி நடக்கும் இடத்துக்கே சென்று சில நாள்கள் கவனிப்பதும், நேரடி மேற்பார்வையாளரிடம் கேட்பதும் சேர்ந்தால் போதுமானது. புதிதாகப் பணியில் சேருவோருக்கான அடிப்படைப் பயிற்சி எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம். பணியிடைப் பயிற்சி அப்படி இருக்க இயலாது.

இதில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். தன் குறையை ஊழியர் வெளிப்படையாகச் சொன்னால்தான் மதிப்பீடு பொருளுடையதாகும். அவர் சொல்வது ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையிலும் பதவி உயர்விலும் எதிரொலிக்கும் என்றால், எல்லாம் தெரியும் என்றே எழுதுவார். எனவே, பயிற்சித் தேவையைக் கண்டறியும் பணியைத் தண்டனை, வெகுமதி ஆகியவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும்.

முன்மதிப்பீடு இல்லாதபோது பின்மதிப்பீடும் இயலாமல் போகிறது. பயிற்சியின் பயனை நான்கு நிலைகளில் அளக்கலாம் என்று 1959-லேயே டொனால்ட் கிர்க்பாட்ரிக் எழுதினார். பங்கேற்றோரின் மனநிறைவு, அவர்கள் கற்றது, பணியில் ஏற்பட்ட மாற்றம், நிறுவனத்துக்குக் கிடைத்த பயன் என்பன அவை. நம் பயிற்சி அரங்குகளில் இறுதி நாளில் நிரப்பப்படும் கருத்துப் படிவம் முதல் நிலையோடு நின்றுவிடுகிறது. பயிற்சிக்கு முன் தாமதம் எத்தனை நாள், பிழை எத்தனை என்று குறித்து வைத்திருந்தால்தான், ஆறு மாதங்களுக்குப் பின் அவை குறைந்தனவா என்று சொல்ல முடியும்.

ஆகவே, நிதி கோரும் ஒவ்வொரு பயிற்சித் திட்டமும் மூன்று வினாக்களுக்கு எழுத்துப்பூர்வமாக விடை தர வேண்டும் என்பதை அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் விதியாக்கலாம். எந்தக் குறையைக் களைய இந்தப் பயிற்சி? அக்குறைக்கு அறிவின்மையே காரணம் என்பதற்குச் சான்று என்ன? களையப்பட்டதை எப்படி அறிவோம்? 'இங்கு பயிற்சி தேவையில்லை. ஆள் தேவை, கருவி தேவை' என்று விடை வந்தால், அதையும் ஏற்கும் துணிவு நிர்வாகத்துக்கு வேண்டும். பயிற்சியின் வெற்றியைச் சான்றிதழ்கள் அல்ல, சேவை பெறக் காத்திருக்கும் வரிசையின் நீளமே காட்ட வேண்டும்.