வாக்கு வந்தது, காணி வரவில்லை

உரிமை ஏட்டில் எழுதப்பட்டவுடன் நிலைபெற்றுவிடுவதில்லை. உழுபவன் நிற்கும் மண் பிறனுடையதாயின், அவன் கையிலுள்ள வாக்கும் நாளடைவில் பறிபோகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க வரலாறு உரைக்கும் பாடம் இது.

1862ஆம் ஆண்டில், உள்நாட்டுப் போரின் நடுவே, வாஷிங்டன் அரசு குடியேற்றக் காணிச் சட்டத்தை நிறைவேற்றியது. ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிர்செய்வோர், சிறு கட்டணத்துடன் 160 ஏக்கரைச் சொந்தமாக்கிக்கொள்ள அது வழிசெய்தது. அந்நிலங்கள் ஆதிக்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டவை என்பதை மறத்தலாகாது. எனினும், காணியே சுதந்திர வாழ்வின் அடிப்படை என்பதை அவ்வரசு அறிந்திருந்தமைக்கு அச்சட்டமே சான்று.

அறிந்திருந்த அரசு தெற்கே செய்தது யாது? 1865 ஜனவரியில் தளபதி ஷேர்மன், தென் கரோலினா, ஜோர்ஜியா, புளோரிடா ஆகியவற்றின் கரையோர நிலங்களை, குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மேற்படாமல், விடுதலைபெற்ற கறுப்பின மக்களுக்கு ஒதுக்கினார். ஏறத்தாழ 40,000 பேர் குடியேறி உழுதனர். ஆனால் அவ்வாண்டு முடியுமுன்னரே ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன், தம்மிடம் மன்னிப்புப் பெற்ற பழைய பண்ணை முதலாளிகளுக்கே அக்காணிகளைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டார்.

பின்னர் அரசியற்றிட்டத் திருத்தங்கள் வந்தன. 1868இல் குடியுரிமை, 1870இல் வாக்குரிமை. கறுப்பினத்தவர் காங்கிரஸ் சபையிலும் அமர்ந்தனர். ஆயின் வயலில் அவர்கள் வாரக்குடிகளே. விளைந்த பருத்தியில் பெரும்பாலும் பாதி காணிக்காரனுக்கு. எஞ்சியது விதைக்கும் உணவுக்கும் கடன் கொடுத்த கடைக்காரனுக்கு. கடன்பட்டவன், கடன் கொடுத்தவனின் விருப்பத்துக்கு மாறாக வாக்களிப்பது எங்ஙனம்? துணிந்து வாக்களித்தோரை வன்முறைக் கும்பல்கள் வேட்டையாடின.

1876ஆம் ஆண்டுத் தேர்தற் பிணக்கின் முடிவில், 1877இல் ஹேய்ஸ் ஜனாதிபதியானார். தெற்கே எஞ்சியிருந்த மறுசீரமைப்பு அரசுகளுக்குக் காவலாயிருந்த துருப்புகள் விலக்கப்பட்டன. அவ்வரசுகள் வீழ்ந்தன. 1890இல் மிசிசிப்பி மாநிலம் வாக்கு வரியையும் எழுத்தறிவுச் சோதனையையும் தன் அரசியற்றிட்டத்திலேயே புகுத்தியது. ஏனைய தென்மாநிலங்களும் அவ்வழியே சென்றன. திருத்தம் ஏட்டில் இருந்தது; வாக்குச்சாவடியிற் கறுப்பினத்தவரைக் காண்பது அரிதாயிற்று. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை, முக்கால் நூற்றாண்டு அவர்கள் காத்திருந்தனர். காத்திருந்ததோடு நில்லாமல் போராடியும் வந்தனர்.

வெற்றுத் தாளில் எழுதிய வாக்குறுதியை வரவேற்று ஆரவாரிப்பது எளிது. தரப்படும் உரிமையோடு அதனைத் தாங்கும் மண்ணும், அதனைக் காக்கும் வலிமையும் உடன் வருகின்றனவா என்று முதலிற் கேட்பதே அறிவுடைமை.