சகுனம் பார்ப்பதா? கணக்குப் பார்ப்பதா?

நம் மக்கள் பறவைகளைப் பார்ப்பதில்லையென்று யாரும் சொல்லிவிட முடியாது. நன்றாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் எதற்காகப் பார்க்கிறார்கள்? வெளியே புறப்படும்போது செம்போத்து வலம் போயிற்றா, இடம் போயிற்றா என்று பார்க்கிறார்கள். கருடன் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக் கொள்ளுகிறார்கள். ஆந்தை அலறினால் வீட்டில் யாருக்குச் சாவோ என்று நடுங்குகிறார்கள். பல்லி சொன்னதற்குக்கூடப் பஞ்சாங்கத்தில் பலன் அச்சடித்து விற்கப்படுகிறது. ஆனால் அந்த ஆந்தை எதைத் தின்று பிழைக்கிறது, நம் ஊர்க் கண்மாயில் போன வருஷம் எத்தனை நாரை இறங்கிற்று, இந்த வருஷம் எத்தனை என்று கேட்டால் மட்டும் பதில் சொல்ல ஆளில்லை.

ஆந்தைக் கதையையே எடுத்துக் கொள்ளுவோம். ஆந்தை தினம் இரவு அலறுகிறது. ஊரிலே மாதத்திற்கு ஒன்றிரண்டு சாவு எப்படியும் நடக்கிறது. அலறிய இரவில் ஒரு கிழவர் இறந்தால் அது பத்து வருஷம் பேசப்படுகிறது. அலறியும் யாரும் சாகாத இரவுகளை எவனாவது எண்ணி வைத்திருக்கிறானா? எண்ணி வைத்திருந்தால் ஒரே வருஷத்தில் இந்தப் பித்தலாட்டம் செத்துப் போயிருக்கும். மூடநம்பிக்கை என்பது எண்ணாதவனுடைய மூளையில்தான் குடியிருக்கிறது. கூகை தங்கும் பாழ்மண்டபத்தின் அடியில் அது கக்கிப்போட்ட உருண்டைகள் கிடக்கும். அதில் ஒன்றை உடைத்துப் பாருங்கள். எலியின் மண்டையோடும் மயிரும் இருக்குமேயல்லாமல் எமனுடைய ஓலை இருக்காது. சோளத்தையும் கம்பையும் தின்னும் எலியை இரவெல்லாம் வேட்டையாடும் கூலியில்லாக் காவல்காரனைத்தான் நாம் சாக்குருவி என்று கல்லால் அடிக்கிறோம்.

நிற்க. எண்ணிப் பார்ப்பதையே வேலையாகக் கொண்ட தொண்டர் கூட்டங்கள் உலகமெங்கும் இருக்கின்றன. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் தினத்தில் கட்சி பிரிந்து, கண்ணில் பட்ட பறவையையெல்லாம் சுட்டுக் குவிப்பது ஒரு வழக்கமாயிருந்தது. 1900-ம் வருஷம் பிராங்க் சாப்மன் என்பவர், சுடுவதற்குப் பதில் எண்ணுவோம் என்றார். 27 பேர் முன்வந்தார்கள். அந்தக் கணக்கு இன்றுவரை நிற்கவில்லை. நம் நாட்டில் 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைகளைத் தொண்டர்கள் எண்ணி வருகிறார்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கு எடுக்கப்படுகிறது. இருந்த இடத்திலேயே கால்மணி நேரம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, கைப்பேசி வழியாகப் பொதுக் கணக்கில் சேர்த்தால் போதும். தட்சணையில்லை, புரோகிதனில்லை, நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை. உழைப்பவன் விழாவாகிய பொங்கலுக்கு இதைவிடப் பொருத்தமான சடங்கு வேறென்ன இருக்க முடியும்?

"இதெல்லாம் துரைமார் பொழுதுபோக்கு" என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். காங்கிரசைத் தோற்றுவித்த ஹியூம் துரையே இந்த நாட்டுப் பறவைகளைச் சேகரித்து ஆராய்ந்தவர்தான் என்பது வாஸ்தவம். ஆனால் அவருக்குப் பறவையைக் காட்டியவன் யார்? நமது பக்கத்தையே பாருங்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிச் சீமையில் எந்தப் புதரில் கவுதாரி முட்டையிடும், எந்தக் கட்டாந்தரையில் ஆட்காட்டி குஞ்சு பொரிக்கும் என்பது கிடை போடும் கீதாரிக்குத் தெரியும்; பனையேறிக்குத் தெரியும்; களை எடுக்கும் பெண்ணுக்குத் தெரியும். ஏட்டைப் பார்த்துப் பல்லி பலன் சொல்லுபவன் சாஸ்திரி. கண்ணால் கண்டு சொல்லுபவன் தற்குறி! இந்த அநியாயத்தை ஒழிக்க வேண்டுமானால், கண்டவன் கண்டதைத் தன் பெயரில் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஜாதிக்கு ஒரு கட்டமும் இல்லை.

"பறவையை எண்ணினால் பசி தீருமா?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். நமது பூமியைச் சர்க்கார் ஏடு என்னவென்று எழுதியிருக்கிறது? தரிசு என்று எழுதியிருக்கிறது. வரி கிடைக்காத நிலத்திற்கு வரி வாங்கியவன் வைத்த பெயர் அது. ஆடு மேய்கிறது, விறகு கிடைக்கிறது, பனிக்காலத்தில் கசகஸ்தான் புல்வெளியிலிருந்தெல்லாம் பூனைப்பருந்து வந்து வெட்டுக்கிளியைத் தின்கிறது; ஆனாலும் ஏட்டில் அது ஒன்றுமில்லாத இடம். ஒன்றுமில்லாத இடத்தை யாருக்கும் கொடுத்துவிடலாம் அல்லவா? பல்லி சாஸ்திரத்தைப் போலவே இதுவும் பார்க்காமல் எழுதிய சாஸ்திரமேயாகும்.

மதுரை ஜில்லா அரிட்டாபட்டியைப் பாருங்கள். அங்கே இயற்கை ஆர்வலர்களும் ஊராரும் பல வருஷம் பார்த்துக் குறித்து வைத்ததில் சுமார் 250 வகைப் பறவைகள் கணக்கில் ஏறின. 2022 நவம்பரில் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் போயிற்று. ஊரார் திரண்டார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. ரத்துச் செய்ய வைத்தது மக்களின் கிளர்ச்சிதான். ஆனால் "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டவர்களுக்கு எடுத்துக்காட்ட ஒரு கணக்கு கையில் இருந்தது. நமது கண்மாய்களுக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா?

பயமில்லாமல், வெறும் யோசனையினாலேயே மனிதன் ஜீவன்களிடம் ஒழுங்காய் நடக்க முடியும் என்பதற்கும் பக்கத்திலேயே சான்றுண்டு. சிவகங்கை ஜில்லா வேட்டங்குடியில் பறவைகள் மிரளுமென்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நரகாசுரனைவிட நாரைக்குஞ்சு அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. இதைவிட நல்ல சீர்திருத்தம் வேறென்ன?

இயற்கைச் சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. தூரதிருஷ்டிக் கண்ணாடியும் இங்கிலீஷ் பெயரும் தெரிந்தவர்கள் மட்டும் கூடுவதானால் அதுவும் ஒரு அக்கிரகாரமே. பறவையின் பெயர் தமிழில் இருக்கட்டும். சேரிப் பிள்ளைகளும் பெண்களும் முன்வரிசையில் நிற்கட்டும். கவுதாரிக்குக் கண்ணி வைத்த ஏழையை மட்டும் போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டு, கண்மாயையே மடக்கிப் போட்ட பெரிய மனிதருக்கு மாலை போடும் இயற்கைத் தொண்டு நமக்கு வேண்டாம்.

எனவே தோழர்களே! அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு நான்கு பேர் ஒரு கண்மாயை எடுத்துக் கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அலகையும் எழுதுங்கள். பெயர் பின்னால் வரும். வருஷா வருஷம் அதே இடத்தில், அதே நேரத்தில் எண்ணுங்கள். குறைந்தால் ஏன் குறைந்தது என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். திருச்சுழி என்றவுடன் பக்தர்களுக்கு ஞாபகம் வருவது 1879-ல் அங்கே பிறந்த ரமணரும், அவர் கேட்கச் சொன்ன 'நான் யார்' என்ற கேள்வியுமாகும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்கள் கேட்கட்டும். நாம் குண்டாற்றங்கரையில் கண்ணைத் திறந்துகொண்டு நின்று, அது என்ன பறவை, எத்தனை, எங்கிருந்து வந்தது என்று கேட்போம். இந்தக் கேள்விகளுக்காவது பதில் கிடைக்கும்.